ரப்பர் சீல் கம்பெனிக்கு ஒரு ஃபயர்வால்

ஆகஸ்ட் 7, திங்கள்

வீடியோவில் பேசுகிற ஆள் முதலில் சொன்னது இதுதான்: நெட்வொர்க்கில் கை வைப்பதற்கு முன்னால் ஒரு நோட்டு வாங்குங்கள், செய்கிற ஒவ்வொரு மாற்றத்தையும் தேதி போட்டு எழுதுங்கள், எதை எப்போது கெடுத்தோம் என்று பின்னால் தெரியும். நான் நோட்டு வாங்கவில்லை. உரக் கம்பெனி ஒன்று கொடுத்த போன வருட டைரி வீட்டில் சும்மா கிடந்தது. கிழமையை அடித்துத் திருத்தி அதிலேயே எழுதுகிறேன்.

எழுத வேண்டியது மாற்றங்களை மட்டும்தான். இன்று ஒரு மாற்றமும் செய்யவில்லை. எனவே இந்த வேலை என் தலையில் எப்படி விழுந்தது என்று எழுதிவைக்கிறேன்.

என் பெயர் தெய்வானை. வயது நாற்பத்தைந்து. கோவை கணபதியில், பம்புகளில் தண்ணீர் கசியாமல் இருக்க ரப்பர் சீல் செய்கிற கம்பெனியில் பதினாறு வருடமாக, சரக்கு அனுப்புகிற டிஸ்பாட்ச் பார்க்கிறேன். எங்கள் சீலில் பாதி ஜெர்மனியில் ஒரு பம்ப் கம்பெனிக்குப் போகிறது. அவர்கள் போன மாதம் அறுபத்திரண்டு கேள்விகளோடு ஒரு படிவம் அனுப்பினார்கள். பதினான்காவது கேள்வி: உங்களிடம் ஃபயர்வால் இருக்கிறதா? முதலாளி நவநீதன் சார் ‘இருக்கிறது’ என்று டிக் அடித்து, ஆயில் ஸ்டோருக்கும் ஆபீசுக்கும் நடுவே உள்ள ஒன்பது அங்குலச் செங்கல் சுவரைப் போட்டோ எடுத்து இணைத்தும் அனுப்பிவிட்டார். தீயணைப்புத் துறை சொல்லிக் கட்டிய சுவர் அது. நல்ல சுவர்தான்.

இன்று காலை பதில் வந்தது. சுவர் உறுதியாகத் தெரிகிறது, நாங்கள் கேட்டது கம்ப்யூட்டர்களைக் காக்கிற ஃபயர்வாலை, என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள். முப்பதாம் தேதி பெங்களூரிலிருந்து ஆடிட்டர் ஒருவர் நேரில் வந்து பார்ப்பாராம். திருப்தி இல்லையென்றால் அடுத்த வருட ஆர்டர் கிடையாது. ஆர்டர் போனால் இரண்டாம் ஷிஃப்ட் போகும். பதினெட்டுப் பேர்.

நவநீதன் சார் எல்லோரையும் கூப்பிட்டு, “அவிய கேட்டது அந்தச் செவுரு இல்லியாமா” என்றார். யார் செய்வது என்று பேச்சு வந்தபோது, குவாலிட்டியில் இருக்கும் பிரேமலதா, “தெய்வானையக்காகிட்டக் குடுங்க சார். யாரு என்ன பண்றாங்கன்னு பாக்கறதுல அவங்க கெட்டி” என்றாள். பர்ச்சேஸ் கனகராஜ் இருமினார். சிரிப்பை அடக்குவதற்கு அவர் அப்படித்தான் இருமுவார்.

நான் 2000-ல் பிஜிடிசிஏ என்ற கம்ப்யூட்டர் டிப்ளமோ படித்திருக்கிறேன். பயோடேட்டாவில் போட்டிருந்தேன். அதனால்தான் என்னிடம் கொடுத்தார்கள்.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

கம்ப்யூட்டர் டீலர் ஒருவர் வந்து ஒரு சின்னப் பெட்டியைக் காட்டிவிட்டுப் போனார். விலை ஒரு பக்கம், வருடா வருடம் லைசென்ஸ் ஒரு பக்கம். நவநீதன் சார் அவருக்கு டீ சொல்லியிருந்ததை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அப்புறம் நான் தேடிப் பிடித்ததைச் சொன்னேன். ஓப்பன் சோர்ஸ் ஃபயர்வால். உலகத்தில் எங்கெங்கோ இருக்கிறவர்கள் சேர்ந்து எழுதி, யாரும் எடுத்துக்கொள்ளுங்கள், உள்ளே பிரித்தும் பாருங்கள் என்று விட்டிருக்கிறார்கள். பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருந்தால் போதும்.

“சும்மா குடுக்கறாங்கன்னா அதுக்குள்ள என்னமோ இருக்குதுங்கக்கா.”

“அதானுங்க சார். என்ன இருக்குதுன்னு பிரிச்சே பாத்துக்கலாம்.”

“நீங்க பாத்தீங்களா?”

“இல்லீங்க சார்.”

டீலர் விட்டுப்போன விலைச் சீட்டை இன்னொரு முறை பார்த்துவிட்டு, சரி பண்ணுங்க என்றார்.

ஆகஸ்ட் 10, வியாழன்

மாற்றம் 1: பேக்கிங் செக்‌ஷனில் ஓரம் கட்டியிருந்த கம்ப்யூட்டரை எடுத்துத் துடைத்தேன். உள்ளே ரப்பர் தூள் ஒரு கிண்ணம் இருந்தது. ஃபயர்வாலுக்கு நெட் கேபிள் செருக இரண்டு இடம் வேண்டும். வெளியிலிருந்து வருவது ஒன்று, உள்ளே போவது ஒன்று. இதில் ஒன்றுதான். காந்திபுரத்தில் பழைய கம்ப்யூட்டர் விற்கும் பெனடிக்ட் கடையில் இன்னொரு கார்டு வாங்கினேன். எதற்கு என்று கேட்டார். சொன்னேன். “மேடம், எத்தனையோ பேரு இதே வேலைக்குக் கார்டு வாங்கீட்டுப் போனாங்க. போட்டனான்னு வந்து சொன்னவங்க யாருமில்ல” என்றார்.

மதியம் என் மேஜையிலேயே சாப்பிட்டேன். சாப்பாட்டு மேஜையில் சத்தம் அதிகம். நான் போய் உட்கார்ந்தால் சத்தம் நின்றுவிடுகிறது. அதுவும் ஒரு மாதிரி இருக்கிறது. தனியாகச் சாப்பிடுவதுதான் வசதி. சீக்கிரம் முடிகிறது.

ஆகஸ்ட் 11, வெள்ளி

வீட்டில் கேஸ் சிலிண்டர் தீர்ந்தது. வேறு ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

ஆபீஸ் விடுமுறையில் செய்தால் யாரும் திட்ட மாட்டார்கள் என்று இன்று வைத்துக்கொண்டேன். வீட்டுக்காரரும் கூட வந்தார். அவர் அரசு பஸ் டெப்போவில் மெக்கானிக். ஏதாவது தூக்க வேண்டியிருந்தால் தூக்கலாம் என்று வந்தவர், வாட்ச்மேனோடு உட்கார்ந்து மூன்று மணி நேரம் கிரிக்கெட் பேசினார்.

மாற்றம் 2: பென் டிரைவிலிருந்து ஃபயர்வாலை ஏற்றினேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடியது. பயமாக இருந்தது. என்னென்னவோ கேட்டது, புரிந்ததற்கெல்லாம் பதில் சொன்னேன், புரியாததற்கு எண்டர் தட்டினேன்.

மாற்றம் 3: பழைய ரூட்டரில் இருந்த அமைப்புகளை ஒன்றுவிடாமல் அப்படியே இதில் எழுதினேன். முதலில் எல்லாவற்றையும் இருந்தபடி வையுங்கள், ஒரு வாரம் லாக் பாருங்கள், தேவையில்லாததைப் பிறகு மூடுங்கள் என்று வீடியோக்காரர் சொல்லியிருக்கிறார். லாக் என்பது வருகைப் பதிவேடு மாதிரி. யார் வந்தது, யார் போனது, எத்தனை மணிக்கு, எல்லாம் வரி வரியாக இருக்கும். ரூட்டரிலேயே இரண்டு வருட லாக் தூங்கிக்கொண்டிருந்தது. அதையும் எடுத்து வைத்தேன்.

எல்லாம் முடித்து ஸ்விட்சைப் போட்டால் நெட் வரவில்லை. ஒன்றரை மணி நேரம் போனது. கடைசியில் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, “வயரு ரெண்டயும் மாத்திக் குத்தீட்டயா?” என்றார். அவருக்குக் கம்ப்யூட்டர் பற்றி ஒன்றுமே தெரியாது. மாற்றித்தான் குத்தியிருந்தேன்.

மாற்றம் 4: கூரியர் ஸ்டிக்கரில் ‘உள்ளே’, ‘வெளியே’ என்று எழுதிக் கேபிள்களில் ஒட்டினேன்.

ஆகஸ்ட் 14, திங்கள்

வேலை செய்கிறது. காலையிலிருந்து பதினோரு மணிவரை யாரும் என்னைத் திட்டவில்லை.

மாற்றம் 5: பதினோரு மணிக்கு, ஆபாசத் தளங்களைத் தடுக்கும் பட்டியல் ஒன்றைச் சேர்த்தேன். ஆடிட்டருக்குப் பிடிக்கும் என்றார்கள்.

பதினொன்று இருபதுக்குக் கனகராஜ், கோட்டயத்திலிருந்து வந்திருந்த ரப்பர் சப்ளையரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, அவருடைய கம்பெனி வெப்சைட்டையே திறந்திருக்கிறார். ‘ஆபாச உள்ளடக்கம், தடுக்கப்பட்டது’ என்று சிவப்பாக வந்திருக்கிறது. சப்ளையர் ரொம்பவும் பக்திமான். சபரிமலைக்கு மாலை போடுகிறவர்.

ரப்பர் என்று பெயரில் உள்ள எல்லாத் தளங்களையும் அந்தப் பட்டியல் தடுத்திருக்கிறது. ஏன் என்று நானும் யோசித்தேன். பிறகு புரிந்தது. இங்கே எழுத வேண்டியதில்லை.

மாற்றம் 6: மாற்றம் 5-ஐ எடுத்துவிட்டேன்.

சாயந்திரம் பிரேமலதா என் மேஜையைத் தாண்டிப் போகும்போது திரையை எட்டிப் பார்த்தாள். “இனி இன்னும் வசதிதானுங்கக்கா” என்றாள். என்ன வசதி என்று நான் கேட்கவில்லை. வேலை இருந்தது.

ஆகஸ்ட் 16, புதன்

லாக் படித்தேன். இது நல்ல பழக்கம் இல்லை என்று தோன்றுகிறது, ஆனால் வேலையே இதுதான். நவநீதன் சார் தினமும் முடி உதிர்வதைப் பற்றிப் படிக்கிறார். கனகராஜ் மதியம் மூன்றிலிருந்து மூன்றரை வரை ஒன்றுமே திறப்பதில்லை. அவர் அட்டைப்பெட்டி அடுக்குக்குப் பின்னால் தூங்குகிற நேரம் அது.

அந்தத் தூக்கம் பெரிய சமாச்சாரமாக ஆகியிருக்கிறது ஒருமுறை. கம்பெனியை ஆரம்பித்தவர் நவநீதன் சாரின் அப்பா, ராக்கியப்பன் ஐயா. இரண்டு வருடம் முன்னால் அவருக்குப் பைபாஸ் ஆபரேஷன் ஆனது. டாக்டர் சொன்னதால் வீட்டோடு இருக்கிறார். ‘இனி ஃபேக்டரி பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டேன்’ என்று மகனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டுப் போனார். போனவர் வீட்டிலிருந்தே போன் போட ஆரம்பித்தார். கனகராஜ் தூங்குகிறான். பிரேமலதா பத்தரைக்கு வெளியே போனவள் பன்னிரண்டரைக்குத்தான் வந்தாள், கையில் சேலைக் கடைப் பை. சீல் அழுத்துகிற எட்டாம் நம்பர் பிரஸ் மிஷின் ஆறு நாளாக ஓடவில்லை. வீட்டில் உட்கார்ந்திருக்கிற மனுசருக்கு எப்படித் தெரியும்? ஆபீசில் யாரோ சொல்கிறார்கள். யார் என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். என் அப்பா ஐயாவிடம் டிரைவராக இருந்தவர். என்னை வேலைக்கு எடுத்தவரும் ஐயா.

மாற்றம் எதுவும் இல்லை.

ஆகஸ்ட் 17, வியாழன்

ஒன்று கண்டுபிடித்தேன்.

பழைய ரூட்டரில் ஒரு போர்ட் திறந்திருந்தது. போர்ட் என்றால் கதவு மாதிரி. அந்தக் கதவு நேராக எங்கள் சிசிடிவி கேமராப் பெட்டிக்குப் போகிறது. நானும் தெரியாமல் அதை அப்படியே ஃபயர்வாலில் எழுதியிருக்கிறேன். வெளியிலிருந்து ஒரே ஆள், தினமும் அந்த வழியாக வந்து எங்கள் எட்டுக் கேமராக்களையும் பார்க்கிறான். காலை எட்டு பத்துக்கு வருகிறான். ஒரு மணிக்குப் போகிறான். இரண்டரைக்குத் திரும்பி வந்து ஆறு வரை இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை எடுத்துக்கொள்கிறான். பழைய லாக்கில் பார்த்தால் இரண்டு வருடமாக ஒரு நாள்கூடத் தவறவில்லை. எங்களில் யாருக்கும் இந்த ஒழுங்கு கிடையாது.

நவநீதன் சாரிடம் ஓடினேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. “எதிராளி கம்பெனிக்காரந்தான். நம்ம சீல் அச்சு டையைப் பாத்துக் காப்பியடிக்கறானுங்க. உடனே மூடுங்கக்கா.”

மாற்றம் 7: மாலை 4:05. மூடினேன்.

ஆகஸ்ட் 19, சனி

நேற்று மட்டும் நானூற்றுப் பன்னிரண்டு முறை கதவைத் தட்டியிருக்கிறான். இன்று மதியத்துக்குள் முந்நூற்று எழுபது. இவ்வளவு விடாப்பிடியான திருடனைப் பற்றி வீடியோக்காரர் ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டில் மாவு புளித்துவிட்டது. கவனம் இங்கே இல்லை.

ஆகஸ்ட் 21, திங்கள்

காலை எட்டு பத்துக்கு ராக்கியப்பன் ஐயா காரில் வந்து இறங்கினார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் வெந்நீர் ஃபிளாஸ்க். இரண்டு வருடம் கழித்து வருகிறார். எல்லோரும் எழுந்து நின்றோம். நவநீதன் சார் ஓடிவந்து, “என்னுங்கப்பா, என்னாச்சு?” என்றார்.

“ஒண்ணுமில்லடா. சும்மா இந்தப் பக்கம் வந்தேன்.”

அவர்கள் வீடு சாய்பாபா காலனியில். கணபதி அந்தப் பக்கம் இல்லை.

டிஸ்பாட்சில் என் மேஜைக்கு எதிரே, விசிட்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். அங்கிருந்து பார்த்தால் பிரஸ் லைன், பேக்கிங், கேட் எல்லாமே தெரியும். மதியம் வரை எழுந்திருக்கவில்லை. சாப்பிட வீட்டுக்குப் போனார். இரண்டரைக்குத் திரும்பி வந்தார்.

லாக்: இன்று கதவைத் தட்டியது மொத்தம் ஒன்பது முறைதான். ஒன்பதும் மதியம் ஒன்றரையிலிருந்து இரண்டுக்குள். திருடன் அலுத்துவிட்டான் போல.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

ஐயா மறுபடியும் வந்தார். பேக்கிங் மேஜைகளைச் சுவரோரமாகத் தள்ளச் சொன்னார். தள்ளினார்கள். பிறகு, முன்னால் இருந்ததே தேவலை என்றார். கனகராஜைக் கூப்பிட்டு, “இப்ப எங்க தூங்கற?” என்று விசாரித்தார்.

பேச்சுவாக்கில், “மூணாம் நம்பர் பிரஸ்ஸுக்கு மேல இருக்கற ஃபேன் போன மாசம் ஒரு நாள் தலைகீழாச் சுத்துச்சே, அத மாட்டுனவன் ஆரு?” என்றார்.

அந்த ஃபேன் விஷயத்தை அவரிடம் யாரும் சொல்லியிருக்க முடியாது. அதை ஒரே நாளில் சரிசெய்துவிட்டோம். பிரேமலதா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் திரையைப் பார்த்தேன்.

லாக்: தட்டல் ஏழு. எல்லாம் மதியம் ஒன்றரைக்கு மேல்.

ஆகஸ்ட் 23, புதன்

திருடன் யார் என்று தெரிந்துவிட்டது. எழுதவே கூச்சமாக இருக்கிறது, இத்தனை நாள் ஆனதற்கு.

நவநீதன் சார் தனியாகக் கூப்பிட்டு, “அக்கா, அப்பாவ வூட்ல உக்கார வைக்க ஏதாச்சும் வழியிருந்தாச் சொல்லுங்க. ரெண்டாவது ஷிஃப்ட் ஆளுங்க வேலைய விட்டே போயிருவாங்களாட்ட இருக்குது” என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 24, வியாழன்

பதினொரு மணி டீக்கு எல்லோரும் போனபோது ஐயாவும் நானும் மட்டும் இருந்தோம். நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டேன்.

“ஐயா, வூட்ல டேப்லெட்ல கேமரா தெரீலீங்களா?”

ஃபிளாஸ்க்கைத் திறந்து வெந்நீர் ஊற்றிக் குடித்தார். மூடியைத் திருகினார். “உனக்கு ஆரு சொன்னது?”

“லாக் சொல்லுச்சுங்க.”

“லோகுவா? அவன எந்தச் செக்‌ஷன்ல போட்டிருக்கான் நவநீதன்? எனக்குத் தெரியாம ஆளெடுத்துட்டானா?”

லாக் என்றால் ஆள் இல்லை என்று புரியவைக்கப் பத்து நிமிடம் ஆனது. புரிந்த பிறகு நேராகவே பேசினார். கேமரா மாட்டிய ஆளிடம் அவர்தான் சொல்லிச் செய்துகொண்டது. மகனுக்குத் தெரியாது. “இங்க வரமாட்டேன்னுதான் சொன்னேன். பாக்க மாட்டேன்னு சொல்லல. வூட்ல அவிய சீரியல் பாக்கறாங்க. நான் இதப் பாக்கறேன். முப்பத்திநாலு வருசம், அம்மிணி. திடீர்னு போயிச் சோபாவுல உக்காருன்னா எங்க உக்கார்றது?”

எனக்கு அவர்மேல் பாவமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் இல்லை. நான் சொன்னேன்:

“ரெண்டு வருசமா நாந்தான் உங்களுக்கு எல்லாத்தையும் சொல்றேன்னு இங்க நெனச்சிட்டிருக்காங்க, ஐயா.”

“தெரியும்.”

“எப்புடிங்க?”

“ஆறாம் நம்பர் கேமரா. சாப்பாட்டு மேஜை. நீ அங்க வர்றதில்ல. உன்ற மேஜையிலயே தனியாச் சாப்புடறே. மொதல்ல என்னமோன்னு நெனச்சேன். அப்புறம் புரிஞ்சுது.”

“புரிஞ்சு?”

கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்தார். அது ஏற்கனவே சுத்தமாகத்தான் இருந்தது. டீ முடிந்து எல்லோரும் வந்துவிட்டார்கள். நான் நாற்காலியைப் பழைய இடத்தில் போட்டேன்.

ஆகஸ்ட் 25, வெள்ளி

தலைவலி. லீவு. வீட்டுக்காரர் ரசம் வைத்தார். வைத்ததற்காக நன்றாக இருந்தது என்றேன்.

ஆகஸ்ட் 26, சனி

ஐயாவே பேச்சை எடுத்தார். “அந்தக் கதவ மறுபடி தொறந்து உடு. நான் வூட்லயே இருந்துக்கறேன். எல்லாருக்கும் நிம்மதி.”

அந்தக் கதவைத் திறக்க முடியாது, ஆடிட்டர் முதலில் அதைத்தான் பார்ப்பார், ஊரில் இருக்கிற எல்லாத் திருடனும் அந்த வழியாக வரலாம் என்றேன். வேறு வழி ஒன்று இருக்கிறது. வி.பி.என். வெளியிலிருந்து உள்ளே ஒரு குழாய் போட்ட மாதிரி. அதற்குச் சாவி உங்கள் டேப்லெட்டில் மட்டும் இருக்கும். இந்த ஃபயர்வாலிலேயே அது உண்டு, தனியாக வாங்க வேண்டியதில்லை.

“அப்பப் போடு.”

“போடறேனுங்க. ஆனா யாருக்குச் சாவி குடுத்திருக்குதுன்னு பேர் எழுதி, எதுக்குன்னு காரணம் எழுதி, கையெழுத்து வாங்கி ஃபைல்ல வைக்கோணும்.”

“பேரு இல்லாமப் போட முடியாதா?”

“முடியாதுங்க ஐயா.”

தொழில்நுட்பப்படி முடியும். முடியாது என்றுதான் சொன்னேன்.

அரை மணி நேரம் பிரஸ் லைனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு படிவத்தைக் கொண்டு வரச் சொன்னார். பெயர் எழுதினார். ‘நோக்கம்’ என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று கேட்டார். உண்மையை எழுதுங்கள் என்றேன். எழுதி, தமிழில் கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டார்.

“மகனுக்கு நீங்களே ஒரு வார்த்த சொல்லீருங்க.”

“சொல்றேன், சொல்றேன்.”

சொல்லும் முகமாக இல்லை.

ஆகஸ்ட் 28, திங்கள்

மாற்றம் 8: வி.பி.என். ஒரு பயனாளர். சாய்பாபா காலனிக்கே போய் டேப்லெட்டில் போட்டுக் கொடுத்தேன். கடவுச்சொல் என்ன வைக்கலாம் என்று கேட்டேன். கம்பெனி பெயர் என்றார். கூடாது என்றேன். மகன் பெயர் என்றார். கூடாது. பன்னிரண்டு எழுத்து, நடுவில் எண், குறி எல்லாம் வேண்டும் என்றேன். ஒரு சீலின் பார்ட் நம்பரை மனப்பாடமாகச் சொன்னார். பதினான்கு எழுத்து, இரண்டு கோடு. நாங்கள் 1994-லேயே நிறுத்திவிட்ட சீலாம்.

மாற்றம் 9: ஆறாம் நம்பர் கேமரா அவருக்குத் தெரியாதபடி செய்தேன். கேட்டால் கேமரா ரிப்பேர் என்று சொல்லலாம் என்றிருந்தேன். கேட்கவில்லை.

சாயந்திரம் ஆடிட் ஃபைலை நவநீதன் சாரிடம் நீட்டினேன். நாற்பது பக்கம். “எங்கெங்க கையெழுத்துப் போடோணும்?” என்றார். படித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள் என்றேன். பக்கத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டே போனார். மறுபடியும், “படிச்சிருங்க சார்” என்றேன். “உங்க மேல நம்பிக்கை இருக்குதுங்கக்கா” என்றார்.

இரண்டு முறை சொன்னேன். மூன்றாவது முறை சொல்லவில்லை.

ஆகஸ்ட் 29, செவ்வாய்

ஐயா வரவில்லை. எட்டு பத்துக்கு வி.பி.என்.னில் வந்தார். ஆபீசே மூச்சு விட்டது. என்ன செய்தீர்கள் என்று நவநீதன் சார் கேட்டார். ஃபைலில் இருக்கிறது என்றேன்.

ஆகஸ்ட் 30, புதன்

ஆடிட்டர் பெயர் ஷெனாய் மேடம். ஐம்பது வயது இருக்கும். சிரிக்கவே இல்லை, ஆனால் சாப்பிட்டீர்களா என்று வாட்ச்மேனைக்கூடக் கேட்டார். ஆங்கிலத்தில்தான் பேசினார். காலை முழுவதும் என் மேஜையில். எந்தக் கதவு திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது, லாக் எத்தனை நாள் இருக்கும், கரண்ட் போனால் என்ன ஆகும். பழைய கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தார். ‘உள்ளே’, ‘வெளியே’ ஸ்டிக்கரைக் காட்டி என்ன எழுதியிருக்கிறது என்றார். சொன்னதும் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார்.

பன்னிரண்டு மணிக்கு மீட்டிங் ரூமில் முடிவுக் கூட்டம். நவநீதன் சார், பிரேமலதா, கனகராஜ், அக்கவுண்ட்ஸ் ஆள் இரண்டு பேர், நான். மேடம் ஃபைலைப் புரட்டி, வெளியிலிருந்து உள்ளே வர அனுமதி உள்ளவர்கள், மொத்தம் ஒருவர் என்று படித்தார். “மிஸ்டர் ராக்கியப்பன், ஃபவுண்டர். நோக்கம்…” அங்கே நிறுத்தினார். அது தமிழில் இருந்தது. ஃபைலை நவநீதன் சார் பக்கம் திருப்பினார்.

நவநீதன் சார் வாசித்தார். “வேடிக்கை பார்க்க.”

வேடிக்கை என்றால் என்ன என்று மேடம் கேட்டார். நவநீதன் சார் என்னைப் பார்த்தார். ஃபைலைப் பார்த்தார். கடைசியில், “மானிட்டரிங்” என்றார்.

எத்தனை நாளாக என்று அடுத்த கேள்வி. இந்த முறையில் இரண்டு நாளாக. இதற்கு முன்னால் பாதுகாப்பில்லாத வழியில் இரண்டு வருடமாக, அதை நான் கண்டுபிடித்து மூடிவிட்டேன், லாக் இதோ என்று நீட்டினேன். பிரேமலதா அந்தக் காகிதத்தை மேடம் வாங்குவதற்குள் எட்டி வாங்கினாள். தேதிகளை விரலால் தடவித் தடவிப் படித்தாள்.

மேடத்துக்கு அது வேலை செய்வதை நேரில் பார்க்க வேண்டுமாம். நவநீதன் சார் அப்பாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

“அப்பா, கேமராவுல எங்க மீட்டிங் ரூம் தெரியுதுங்களா?”

“தெரியுது. ஏழு பேரு இருக்கறீங்க. அந்தம்மாவுக்குப் பின்னால ஜன்னல் தொறந்திருக்குது, ஏசி வீணாப் போகுது. கனகராஜ் ரெண்டு பிஸ்கட் எடுத்துப் பாக்கெட்ல போட்டான்.”

கனகராஜ் இருமினார். இது சிரிப்பை அடக்குகிற இருமல் இல்லை.

நவநீதன் சார் போனை எடுக்கக் கை நீட்டினார். அதற்குள் ஐயா மறுபடியும் பேசினார். குரல் கொஞ்சம் மாறியிருந்தது.

“பிரேமா அங்கதான இருக்கறே? நீ சேலக் கடைக்குப் போனத நாந்தான் பாத்தேன். கனகராஜ் தூங்குனதையும் நாந்தான் பாத்தேன். இந்தப் பெட்டியிலதான் பாத்தேன். தெய்வானை எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்ல. எல்லாரும் என்ன நெனச்சீங்கன்னு தெரிஞ்சும் நான் வாயத் தொறக்கல. தப்புதான்.” ஃபிளாஸ்க் மூடியைத் திருகுகிற சத்தம் கேட்டது. “ஜன்னலச் சாத்துங்க.”

போன் கட்டானது. மேடம் எல்லோர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார். அவர் என்ன சொன்னார் என்று கேட்டார்.

“படம் தெளிவாக இருக்கிறது என்கிறார்” என்றார் நவநீதன் சார்.

அக்கவுண்ட்ஸ் ஆள் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார்.

ஆகஸ்ட் 31, வியாழன்

நவநீதன் சார் காலையில் அப்பா வீட்டுக்குப் போய்விட்டு மதியம்தான் வந்தார். கண் சிவந்திருந்தது. இனி வாரத்தில் இரண்டு நாள் ஐயா நேரிலேயே வருவார், உட்காரத் தனி மேஜை போடச் சொல்லியிருக்கிறது என்றார். என் மேஜைக்கு எதிரே வேண்டாம் என்று நான் சொல்வதற்கு முன்னால், “டிஸ்பாட்ச்ல இல்லீங்கக்கா” என்றார். அப்புறம், ஃபைலைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டது தன் தவறு என்றும் சொன்னார். ஆமாம் என்றேன்.

கனகராஜ் கோட்டயத்துச் சப்ளையர் அனுப்பிய சிப்ஸ் பாக்கெட் ஒன்றை என் மேஜையில் வைத்துவிட்டு, பேசாமல் போனார்.

செப்டம்பர் 1, வெள்ளி

ஆடிட் பாஸ். மெயில் வந்தது. குறை இரண்டு: கேமரா இருக்கும் இடங்களில் கேமரா இருக்கிறது என்று எழுதி ஒட்ட வேண்டும், ஃபயர்வால் பெட்டிக்கு மேல் யாரும் டீ கிளாஸ் வைக்கக் கூடாது. நவநீதன் சார் இரண்டாம் ஷிஃப்டுக்கு மைசூர்பா வாங்கிக் கொடுத்தார். பெனடிக்ட் கடைக்குப் போன் போட்டு, வேலை செய்கிறது என்று சொன்னேன். நம்பாமல் இரண்டு முறை கேட்டார்.

பிரேமலதா இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. எனக்கு ஒன்றும் இல்லை. பழக்கம்தான்.

செப்டம்பர் 2, சனி

மாற்றம் 10: வாரம் ஒருமுறை ஃபயர்வால் அமைப்புகளைப் பிரதி எடுக்கும்படி செய்தேன்.

மூன்று மணிக்கு பிரேமலதா வந்து, சாம்பிள் டப்பா தேடுகிற மாதிரி என் அலமாரியைத் திறந்து மூடினாள். அங்கே சாம்பிள் டப்பா எதுவும் கிடையாது. மன்னிப்புக் கேட்பாளோ என்று பயமாக இருந்தது. கேட்டிருந்தால் எனக்கு என்ன சொல்வதென்று தெரிந்திருக்காது. கேட்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். டேப் ரோலை எடுத்துப் பிரித்தாள், ஒட்டினாள், பிரித்தாள்.

“அக்கா, ஒண்ணு சொல்லோணும். வூட்லகூட இன்னும் ஆருக்கும் தெரியாது.”

“சொல்லு.”

“யாருகிட்டயும் சொல்லக்கூடாது.”

சொல்ல மாட்டேன் என்றேன். குனிந்து என் காதோடு சொன்னாள். சொல்லி முடித்து முகத்தைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். நான் அவள் முதுகில் கை வைத்தேன். பிறகு ஐந்தரை மணி வரைக்கும் பேசிக்கொண்டே இருந்தோம். இரண்டு லாரி லேட்டாகப் போனது.

வீட்டுக்காரர் சாப்பிடும்போது, “என்ன இன்னைக்கு மொகமே வேற மாதிரி இருக்குது?” என்றார். ஒன்றுமில்லை என்றேன்.

என்ன சொன்னாள் என்று இங்கேயும் எழுதப் போவதில்லை.